காரணம் தெரியாமல் நொண்டும் குதிரை: குளம்பிலிருந்து தேடிப் போகும் முழுமையான வழிகாட்டி

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை முடிந்து சில வாரம் போனால், குதிரை வாங்கி வந்த தோட்டங்களில் ஒரே பேச்சுதான் கேட்கும். "வீக்கமும் இல்லீங்க, காயமும் இல்லீங்க, ஆனா கால் தாங்குதுங்க. என்னவா இருக்கும்?" கேட்டவுடன் பதிலும் வந்துவிடும். சப்பை இறங்கியிருக்கும், தோளில் பிடிப்பு இருக்கும் என்பார்கள். அதற்கு எண்ணெய் போட்டு நீவுவார்கள், ஒரு ஊசி போடுவார்கள், அப்படியும் தீரவில்லை என்றால் சூடு வைப்பார்கள். இத்தனையும் நடந்து முடிகிற வரைக்கும் குளம்புக்குள் ஒடிந்த வெள்வேல் முள் அங்கேயே இருக்கும்.

முன்னங்கால் நொண்டலில் பெரும்பகுதி குளம்பிலும் அதை ஒட்டிய இடங்களிலும்தான் தொடங்குகிறது. நின்றிருக்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன. அந்த எடை முழுவதும் தரையில் இறங்கும் இடம் குளம்பு. அதனால் தேடலைக் கீழே ஆரம்பித்து மேலே போக வேண்டும். எந்த இடத்தைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும். வலி மருந்து கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். காரணம் தெரியவில்லை என்று கைவிடப்பட்ட பல குதிரைகளுக்கு இந்த வரிசையில் சோதனையே நடந்திருக்காது.

முதலில், காத்திருக்கக் கூடாத நேரங்கள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் தேடலை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

குதிரை ஒரு காலைத் தரையில் ஊன்றவே மறுக்கிறது. மூட்டுக்குப் பக்கத்தில் காயம் இருக்கிறது, சின்ன ஓட்டைதான் என்றாலும் சரி. மூட்டுக்குள் கிருமி போய்விட்டால் ஒரு நாள் தாமதம்கூட அந்தக் காலை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். முன்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, எடையைப் பின்னால் சாய்த்து நிற்கிறது. வேலை செய்து வந்த குதிரை வியர்த்து விறைத்து நிற்கிறது, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது. உடல் வெப்பம் 101.5 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியிருக்கிறது.

இன்னொன்று குட்டி. பிறந்து சில வாரமே ஆன குட்டி திடீரென்று நொண்டினால், "தாய் மிதித்திருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். தொப்புள் வழியாகவோ வேறு வழியிலோ ரத்தத்தில் கலந்த கிருமி மூட்டில் போய்த் தங்கியிருக்கலாம். அது இல்லை என்று மருத்துவர் உறுதி சொல்லும்வரை அதுதான் என்று எடுத்துக்கொள்வதே குட்டியைக் காப்பாற்றும்.

குளம்பின் அடியில் ஆணி ஏறி நிற்பதைப் பார்த்தால் கை தானாக அதைப் பிடுங்கப் போகும். உடனே பிடுங்காதீர்கள். அடிக்குளம்பின் நடுவில், முக்கோணமாக ரப்பர் போல இருக்கும் பகுதியில் ஏறிய ஆணி உள்ளே இருக்கும் சிறு எலும்பையும் மூட்டையும் தசைநார் உறையையும் தொட்டிருக்கக்கூடும். ஆணி இருந்த நிலையிலேயே எக்ஸ்ரே எடுத்தால்தான் எவ்வளவு ஆழம், எந்தத் திசை என்று தெரியும். மருத்துவர் வரும்வரை ஆணியைச் சுற்றி அதன் தலையைவிட உயரமாக மரக்கட்டையோ கனத்த துணியோ வைத்துக் கட்டி, மேலும் உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேவுக்கு வழியே இல்லை, குதிரையும் அடங்கவில்லை என்றால், எடுக்க வேண்டியதுதான். எடுக்கும் முன் எந்த இடம், எந்தச் சாய்வு என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆணியையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். குதிரைக்கு ரண ஜன்னி மிகச் சுலபமாக வரும். தடுப்பூசி எப்போது போட்டது என்பது அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

எந்தக் கால் என்று கண்டுபிடித்தல்

இதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். நடக்கும்போது தெரியாத நொண்டல், மூலைவிட்டமாக இரண்டிரண்டு கால் சேர்ந்து விழும் டிராட் ஓட்டத்தில் தெரியும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தாளத்தில் விழ வேண்டிய ஓட்டம் அது. தாளம் தப்பினால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத் தெரிந்துவிடும். அதனால் கெட்டியான, சமமான தரை வேண்டும். நம் தோட்டங்களில் மஞ்சளும் கடலையும் காயப்போடும் சிமெண்டுக் களம் இதற்கு நல்ல இடம். களம் வழுக்கினால் வண்டி வராத தார் ரோடு.

ஒருவர் தலைக்கயிற்றை ஒரு முழம் தளர விட்டுக்கொண்டு கூடவே ஓட வேண்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலை ஆடாது, நமக்கு ஒன்றும் தெரியாது. இன்னொருவர் முன்னால், பின்னால், பக்கவாட்டில் நின்று போனில் வீடியோ எடுக்க வேண்டும். ஸ்லோமோஷன் இருந்தால் அதில் எடுங்கள்.

முன்னங்காலுக்குத் தலையைப் பாருங்கள். நோகும் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். பின்னங்காலுக்கு இடுப்பைப் பாருங்கள். இடுப்பெலும்பு மேட்டில் இரண்டு பக்கமும் வெள்ளை டேப் ஒட்டிவிட்டுப் பின்னாலிருந்து எடுங்கள். எந்தப் பக்கத்து டேப் அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம் வலி.

ஒரு சிக்கல் இருக்கிறது. பின்னங்கால் வலி பலமாக இருந்தால் குதிரை எடையை முன்னால் தள்ளும். அப்போது தலையும் ஆடும். இடது பின்னங்கால் வலிக்கும் குதிரை இடது முன்னங்காலிலும் நொண்டுவதுபோலத் தெரியும். ஒரே பக்கத்தில் முன்னும் பின்னும் நொண்டுவதாகத் தோன்றினால் பின்னங்காலை முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டு முன்னங்காலும் சமமாக வலித்தால் தலை ஆடவே ஆடாது. அடி மட்டும் குறுகிப்போகும். "சோம்பேறிக் குதிரை, முன்ன மாதிரி எட்டி வைக்க மாட்டேங்குது" என்று சாட்டையடி வாங்கும் குதிரைகளில் இப்படிப்பட்டவை இருக்கின்றன. இதை நினைத்தால் மனசு பொறுக்காது. நேராக ஓடவிட்டுத் தெரியாவிட்டால் கெட்டித் தரையில் வட்டமாக, இரண்டு திசையிலும் ஓடவிடுங்கள். வலிக்கும் கால் வட்டத்தின் உள்பக்கம் வரும்போது நொண்டல் கூடுவது குளம்பு வலியில் வழக்கம். பிறகு மணலில் ஓடவிடுங்கள். கெட்டித் தரையில் அதிகமானால் குளம்பு, எலும்பு, மூட்டு என்றும், மணலில் அதிகமானால் தசைநார் என்றும் ஒரு குறிப்பு கிடைக்கும். குறிப்புதான், முடிவு கிடையாது.

நோட்டில் தேதி போட்டு மதிப்பெண் எழுதுங்கள். மருத்துவர்கள் 0 முதல் 5 வரை போடுவார்கள். 0 என்றால் நொண்டல் இல்லை, 3 என்றால் டிராட்டில் எப்போதும் தெரிகிறது, 4 என்றால் நடையிலேயே தெரிகிறது, 5 என்றால் கால் ஊன்றவில்லை.

குளம்பு: இங்கே அவசரப்படாதீர்கள்

நாலு குளம்பையும் பார்க்க வேண்டும், நொண்டும் காலை மட்டும் அல்ல. கம்பி பிரஷ்ஷும் குளம்புக் கொக்கியும் வைத்துச் சுத்தமாகக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் மூக்கு. முக்கோணப் பகுதியின் பள்ளங்களில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அது அழுகல். கட்டுத்தறி ஈரமாகவே இருந்தால் வரும். வெட்டிச் சுத்தம் செய்து, காய்ந்த இடத்தில் கட்டினால் தீரும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவைப் படுக்கையாகப் போடுபவர்கள், மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் தேங்கியிருக்கிறதா என்று கிளறிப் பார்க்க வேண்டும்.

அடுத்து, இரண்டு பக்கத்துக் குளம்பையும் ஒரே நேரத்தில் இரண்டு கையால் தொட்டுப் பாருங்கள். வெயிலில் நின்ற குதிரைக்கு எல்லாக் குளம்பும் சுடும், அதனால் நிழலில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். அப்புறம் நாடி. கணுமூட்டின் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரலை லேசாக வைத்தால் குளம்புக்குப் போகும் ரத்தத்தின் துடிப்பு தட்டுப்படும். நல்ல குதிரையில் அது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்குத்தான் இருக்கும். விரலைத் தள்ளுவதுபோலத் துடித்தால் குளம்புக்குள் அழற்சி. நலமாக இருக்கும் நாட்களில் தினமும் தொட்டுப் பழகியிருந்தால்தான் இந்த வித்தியாசம் தெரியும். குதிரை வைத்திருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய சோதனைகளில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். ஒரு காசு செலவில்லை.

பிறகு குளம்பு இடுக்கியால் ஓரத்திலிருந்து வரிசையாக, ஒரே அழுத்தத்தில் அழுத்திக்கொண்டு வாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் காலை இழுத்தால், அதே இடத்தை மறுபடி சோதியுங்கள். மறுபடியும் இழுத்தால் அங்கே சுண்ணாம்பால் குறியிடுங்கள்.

இப்போது காரணங்களுக்கு வருவோம். நேற்று நன்றாக இருந்து இன்று காலை கால் எலும்பே முறிந்ததுபோல நொண்டினால், வீக்கமும் இல்லை என்றால், முதல் சந்தேகம் குளம்புக்குள் சீழ். மருத்துவரை அழைத்துவிட்டு, அவர் வரும்வரை இந்தக் கோணத்தில் பாருங்கள். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காட்டில் (வெள்வேல் மரம் நிற்கும் மேய்ச்சல் நிலத்தில்) மேயும் குதிரைக்கு வெள்வேல் முள் ஏறுவது சாதாரணம். முள் ஒடிந்து உள்ளே நிற்கும், மேலே ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரியும். கோடையில் பாளமாகக் காய்ந்த குளம்பு ஐப்பசி மழையில் திடீரென ஊறும்போதும் வெடிப்பு வழியாக அழுக்கு ஏறிச் சீழ் பிடிக்கும். கெட்டியான குளம்புக்குள் சீழுக்குப் போக இடமில்லை, அதனால்தான் அவ்வளவு வலி. மருத்துவரோ அனுபவமுள்ள லாடக்காரரோ சின்னதாக வழி திறந்து சீழை வெளியேற்ற வேண்டும். ஆழமாகத் தோண்டி ரத்தம் வரவைப்பது உள்சதையைக் கெடுக்கும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் எப்சம் உப்புக் கரைத்து 15, 20 நிமிடம் காலை வைத்திருந்து, மருந்து வைத்து, குழந்தைகளுக்கான டயப்பரால் சுற்றி, மேலே பேக்கிங் டேப் ஒட்டுங்கள். மண் ஏறாது, மலிவும்கூட. டேப் குளம்போடு நிற்க வேண்டும், மேலே தோலில் இறுகக் கூடாது. சீழ் இறங்கினால் ஓரிரு நாளில் பெரிய மாற்றம் தெரியும். தெரியாவிட்டால் குளம்பெலும்பு முறிவோ, எலும்பு வரை போன கிருமியோ இருக்கலாம், எக்ஸ்ரே வேண்டும்.

லாடம் அடித்த அன்றோ அடுத்த சில நாளிலோ நொண்டினால் ஆணி உள்சதையைக் குத்தியிருக்கலாம், அல்லது மிக நெருங்கி அழுத்திக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு ஆணியின் தலையையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்து, காலை இழுக்கும் ஆணியைக் கழற்ற வேண்டும். மாட்டுக்கு லாடம் அடித்துப் பழகியவரே குதிரைக்கும் அடிக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. மாட்டுக் குளம்பு பிளந்தது, குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, ஆணி போக வேண்டிய பாதையே வேறு. குதிரையில் தேர்ந்தவர் தூரத்தில் இருந்தாலும் அவரையே வரவழையுங்கள். குளம்பு மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றிச் சீவாமல் தள்ளிப்போட்டால் முனை நீண்டு, குதிகால் தாழ்ந்து, பின்னால் இருக்கும் தசைநாரும் உள்ளே இருக்கும் சிறு எலும்பும் பாரம் தாங்காமல் வலிக்கத் தொடங்கும்.

குளம்பு அழற்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். முன்னால் சொன்ன அந்தச் சாய்ந்த நிலைதான் அதன் அடையாளம். எலும்பைக் குளம்புச் சுவரோடு பிடித்து வைத்திருக்கும் மெல்லிய இழைகள் கெட்டு, குளம்பெலும்பு உள்ளேயே திரும்பிவிடக்கூடிய நோய் இது. மக்காச்சோள மூட்டையை அவிழ்த்து வயிறு நிறையத் தின்ற குதிரைக்கும், குட்டி போட்டு நஞ்சுக்கொடி விழாமல் தங்கிப்போன பெண்குதிரைக்கும், ஒரு கால் நொண்டலால் மறுகாலில் வாரக்கணக்கில் முழுப் பாரம் போட்ட குதிரைக்கும் வரும். தானியம் தின்றது தெரிந்தவுடன், நொண்டல் வருமுன்பே மருத்துவரை அழைத்து, குளம்புகளை ஐஸ் தண்ணீரில் வைக்கத் தொடங்குங்கள். நொண்டல் வந்தபின் நடக்கவிட்டுப் பார்க்காதீர்கள்.

குளம்பில் ஒன்றும் இல்லை என்றால்

கையை மெல்ல மேலே கொண்டுபோங்கள். எப்போதும் எதிர்க்காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்முட்டிக்குக் கீழே பின்பக்கம் ஓடும் தசைநாரைக் காலைத் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டே வாருங்கள். லேசான சூடு, தடிப்பு, ஓர் இடத்தில் மட்டும் கூச்சம் இருந்தால் நார் அறுந்திருக்கலாம். ரேக்ளா வண்டியில் ஓடும் குதிரைக்கு இது அடிக்கடி வரும். நடையில் நொண்டல் ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும், நார் ஆறுவதற்கு மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் திரும்பவும் பந்தயத்தில் இறக்கித்தான் நல்ல குதிரைகள் வீணாகின்றன. முதல் இரண்டு மூன்று நாள் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் வீதம் பீய்ச்சி, கட்டுப்போட்டு, ஒரு வாரம் கழித்து ஸ்கேன் எடுப்பதுதான் வழி. முதல் நாளே ஸ்கேன் எடுத்தால் சேதத்தின் முழு அளவு தெரியாமல் போகலாம்.

மூட்டுகளில் நீர் கோத்து உப்பியிருக்கிறதா, மடக்கினால் இழுக்கிறதா என்று பாருங்கள். முதுகையும் மறக்காதீர்கள். சேணம் ஒரு பக்கம் அழுத்தி நோகும் முதுகும் பின்னங்கால் நடையை மாற்றும்.

நொண்டல் மாதிரி இருப்பவை

கால் வலியே இல்லாமல் நடை கெடும் நோய்கள் சில உண்டு. நம் பக்கம் குதிரையும் மாடும் ஒரே கட்டுத்தறியில் நிற்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாட்டின் வயிற்றுக்குள் பெரிய தொல்லை எதுவும் தராமல் வாழும் ஒரு நூல்புழுவின் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கடத்திவிடும். அவை வழி தவறித் தண்டுவடத்துக்குள் புகுந்தால் இடுப்பு தளர்ந்து, பின்னங்கால் பின்னிப் பின்னி நடக்கும். இதற்குக் கும்ரி என்று பெயர். கடித்து ரத்தம் குடிக்கும் ஈக்கள் பரப்பும் சர்ரா நோயிலும் விட்டு விட்டுக் காய்ச்சல், வயிற்றடியிலும் காலிலும் நீர்வீக்கம், மெலிவு, அப்புறம் பின்பக்கத் தள்ளாட்டம் வரும். ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம், மருந்தும் உண்டு.

வலியா தள்ளாட்டமா என்று பிரிக்க, குதிரையைச் சின்ன வட்டத்தில் திருப்பிப் பாருங்கள், பக்கத்தில் நடந்தபடி வாலை மெல்ல ஒரு பக்கம் இழுத்துப் பாருங்கள். வலியால் நொண்டும் குதிரை ஒவ்வொரு அடியிலும் ஒரே மாதிரி தப்பும். நரம்புக் கோளாறு உள்ளது ஒவ்வொரு அடியிலும் வேறு மாதிரி தப்பும், குளம்பு முனையைத் தேய்க்கும், இழுத்த பக்கம் சாயும்.

பின்னங்கால் விறைத்துப் பின்னால் நீண்டபடி பூட்டிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் படக்கென்று விடுபட்டால் அது தொடை மூட்டுச் சில்லு மாட்டிக்கொள்வது. சீரான உடற்பயிற்சியில் பல குதிரைகளுக்குச் சரியாகும், சிலதுக்குச் சின்ன அறுவை தேவைப்படும். ஓய்வு நாளிலும் முழுத்தீவனம் தின்றுவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்த் தசை விறைத்து நிற்கும் குதிரையைப் பற்றி முதலிலேயே சொன்னேன். அதை ஓர் அடிகூட நடத்தாதீர்கள்.

பல்லடம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கோழித் தீவனத்தில் ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மொனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் குதிரைக்குக் கொடிய விஷம். இதயத் தசையையும் கால் தசையையும் அழிக்கும். கோழிப்பண்ணைத் தீவன மூட்டைகளுக்குப் பக்கத்தில் குதிரையைக் கட்டவே கூடாது. தளர்ந்து தள்ளாடும் குதிரை அதைத் தின்றிருக்க வாய்ப்பு இருந்தால் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது

நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உடுமலையிலும் இப்போது இருக்கிறது. போவதற்கு முன் கூப்பிட்டு, குதிரைக்கான எக்ஸ்ரே, ஸ்கேன் அன்று உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோக்கள், நோட்டு, லாடம் அடித்த தேதி, கொடுத்த மருந்துகளின் அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

அங்கே மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓடவிட்டுப் பார்ப்பார்கள். இடம் பிடிபடவில்லை என்றால் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். குளம்பின் பின்பகுதிக்குப் போகும் நரம்பில் முதலில் போட்டு, சில நிமிடம் பொறுத்து, மறுபடி ஓடவிடுவார்கள். நொண்டல் போய்விட்டால் வலி அந்தப் பகுதியில் என்று தெரிந்தது. போகவில்லை என்றால் கணுமூட்டுக்கு மேலே, பிறகு முட்டிக்குக் கீழே என்று ஏறிக்கொண்டே போவார்கள். காரணம் தெரியாத நொண்டலுக்கு இதைவிடத் தெளிவான பதில் தரும் சோதனை குறைவு. இதைக் கேட்டு வாங்குங்கள். இடம் தெரியாமல் கால் முழுக்க எக்ஸ்ரே எடுப்பது பணத்துக்கும் கேடு, பழைய எலும்பு மாற்றம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதுதான் காரணம் என்று ஏமாறவும் வாய்ப்பு. ஆனால் எலும்பு விரிசல் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இந்த ஊசி கூடாது. மரத்துப்போன காலைக் குதிரை முழு பலத்தோடு ஊன்றி, விரிசலை முறிவாக்கிவிடும். எங்கே ஊசி, எங்கே எக்ஸ்ரே என்பது மருத்துவர் முடிவு.

வலி மருந்தும் சூடும்

சோதனைக்கு முன் வலி மருந்து கொடுத்தால் நொண்டல் மறைந்து தடயமும் மறைந்துவிடும். சந்தையில் சீராக நடந்த குதிரை வீட்டுக்கு வந்து ஓரிரு நாளில் நொண்டுவதற்கும் இது ஒரு காரணம். வாங்கும்போது கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பாருங்கள், நாடியைத் தொட்டுப் பாருங்கள். முடிந்தால் சில நாள் வைத்துப் பார்த்து முடிப்பதாகப் பேசுங்கள்.

இரண்டு வலி மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும், தண்ணீர் குடிக்காத குதிரைக்குக் கொடுப்பதும் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். டைக்ளோபினாக் கால்நடைகளுக்கு 2006 முதலே தடை. கீட்டோப்ரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் 2023இல் தடையாயின. இறந்த கால்நடையின் உடலில் தங்கும் இந்த மருந்துகள் அதைத் தின்னும் பாறுக் கழுகுகளைக் கொல்கின்றன. தமிழ்நாட்டில் மிஞ்சியிருக்கும் பாறுகள் பெரும்பாலும் நம் சத்தியமங்கலத்துக்குப் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் வாழ்கின்றன. மனிதர்களுக்கான மருந்தைக் கடையில் வாங்கிக் குதிரைக்குப் போடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சூடு வைக்க விடாதீர்கள். அது நாரையோ மூட்டையோ ஆற்றாது. சூடு பட்டபின் கிடைக்கும் கட்டாய ஓய்வில் தானாக ஆறியதைச் சூட்டின் பலன் என்று நம்புகிறோம். அந்த ஓய்வைச் சூடு இல்லாமலே கொடுக்கலாம்.

திரும்ப வேலைக்கு

காரணம் கண்டுபிடித்தபின் ஓய்வின் அளவு அதைப் பொறுத்தது. சீழ் என்றால் குளம்பு மூடிக் கெட்டியாகும் வரை, நார் அறுந்திருந்தால் ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை. எவ்வளவு தேடியும் எதுவும் தெரியவில்லை, நொண்டலும் லேசானதுதான் என்றால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சில வாரம் சின்ன இடத்தில் அடைத்து ஓய்வு கொடுத்து, அதே களத்தில், அதே ஆள் பிடித்து ஓட, மறுபடி வீடியோ எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். ஓய்வில் இருக்கும்போது கொள்ளையும் சோளத்தையும் குறைத்துப் புல்லும் தட்டும் மட்டும் போதும். நல்ல காலின் நாடியைத் தினமும் தொடுங்கள், பாரம் முழுக்க இப்போது அதன்மேல்தான் இருக்கிறது.

நொண்டல் போனபின் கையில் பிடித்து நடத்துவதில் தொடங்குங்கள். சமதரையில், நேர்க்கோட்டில், பத்து நிமிடம். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். அரை மணி நேரம் நடந்தும் மறுநாள் காலை சூடோ வீக்கமோ இல்லை என்றால் டிராட்டை ஓரிரு நிமிடம் சேர்க்கலாம். வட்டமும் மணலும் அதற்கு அப்புறம், வண்டியும் சவாரியும் கடைசியில். ஏதாவது ஒரு கட்டத்தில் நொண்டல் திரும்பினால் முந்தைய கட்டத்துக்கு இறங்கி இரண்டு வாரம் அங்கேயே இருங்கள். இந்த நாட்கள் முழுவதும் வலி மருந்து கொடுக்காமல் இருந்தால்தான் நீங்கள் பார்ப்பது குதிரையின் உண்மையான நடையாக இருக்கும்.